எம். புதுப்பட்டி முகாம், 17.7.2001

ஏற்காடு
23.1.2002

அன்புள்ள வினோ,

நேற்று மாலை நாலேகால் மணிக்கு, நான்கு மாதப் பரிசீலனைக்கும் இரண்டு சுற்றறிக்கைகளுக்கும் பிறகு, பயிற்சிக்கு வந்திருப்பவர்களுக்குத் தேநீருடன் தரப்படும் பிஸ்கட்டை ஒன்றிலிருந்து இரண்டாக உயர்த்துவது என்று துறை முடிவெடுத்தது. அதை அறிவிக்க ஓர் உயர் அதிகாரியே சேலத்திலிருந்து ஜீப்பில் மலையேறி வந்தார். எழுந்து நின்று கேட்டோம். இரண்டாவது பிஸ்கட் எந்தச் செலவினத் தலைப்பில் வரும் என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். அது இன்னும் பரிசீலனையில் இருக்கிறதாம். முடியும்வரை முதல் பிஸ்கட் மட்டும் வரும்.

தொழிற்சாலைகளைப் போய்ப் பார்த்து எழுதுகிற உதவி ஆய்வாளர்கள் முப்பத்திரண்டு பேர், ஆறு வாரம் இங்கே இருக்கப் போகிறோம். பயிற்சியின் பொருள், பயண நாட்குறிப்பை எப்படி எழுதுவது. பதினோரு வருடமாக அதைத்தானே எழுதிக்கொண்டிருக்கிறோம் என்று யாரும் சொல்லவில்லை. மார்ச் முப்பத்தொன்றுக்குள் பயிற்சிப் பணத்தைச் செலவழிக்காவிட்டால் அடுத்த வருடம் வெட்டிவிடுவார்கள். அதனால் எங்களை மேலே ஏற்றியிருக்கிறார்கள்.

பத்து மணிக்கு மூடுபனி வகுப்புக்குள் வந்து உட்காருகிறது. வருகைப் பதிவேட்டில் அதற்கு மட்டும் பெயர் இல்லை. விளக்கை அணைத்துத் திரையில் எழுத்துகளைக் காட்டுகிறார்கள். அவை திரைக்குப் போய்ச் சேராமல் பாதி வழியில் பனியிலேயே நின்றுவிடுகின்றன. விரிவுரையாளர் ராஜசிங் ஐயா குறுக்கே நடக்கும்போது விதி எண்கள் அவர் சட்டையின் மேல் மெதுவாக ஊர்ந்து போகின்றன. திருத்தங்கலில் தூசிக்குள் நின்று பஸ்ஸுக்குக் காத்திருக்கும் உனக்கு இதை எப்படிச் சொல்வேன்.

போன் இருக்கிறது. அதற்கு ஒரு பூட்டும் இருக்கிறது. சாவி வார்டனிடம், வார்டனும் ஏதோ பயிற்சிக்குப் போயிருக்கிறார். ஆகவே கடிதம்.

ஒரு பெருமையையும் சொல்ல வேண்டும். எல்லோருடைய நாட்குறிப்பையும் வாங்கிப் பார்த்து, என்னுடையதில் ஒரு பக்கத்தை மாதிரிப் பக்கமாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஜூலைப் பக்கம். "எம். புதுப்பட்டி சென்றேன். தொழிற்சாலை மூடியிருந்தது. திரும்பினேன்." இதில் ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்று ராஜசிங் ஐயா சொன்னார். எந்தத் தேதி என்று உனக்குத் தெரியும். அன்று நான் எங்கே இருந்தேன் என்பதும் நம் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

உன்
சாலமன்ராஜ்

*

திருத்தங்கல்
28.1.2002

அன்புள்ள அத்தானுக்கு,

கர்த்தர் கிருபையால் சுகம். தண்ணீர் நாலு நாளைக்கு ஒரு முறை வருகிறது.

நம் இருவருக்கு மட்டும்தான் என்று எழுதியிருந்தீர்கள். அந்தத் தேதி இப்போது இன்னொருத்திக்கும் வேண்டியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றுகிற இடத்துக்குப் பொன்னுத்தங்கம் என்ற பெண் வந்தாள். இருபத்தாறு வயது. எம். புதுப்பட்டி. பட்டாசுக்கு மருந்து அடைக்கிற வேலை பார்த்தவள். வலது கை வெந்து ஆறி, ஐந்து விரலும் உள்பக்கம் இழுத்து ஒட்டியிருக்கிறது. எதையோ பிடித்துக்கொண்டே இருக்கிற மாதிரி. எப்பம்மா பட்டது என்று கேட்டேன்.

"ஆடி பெறந்த வாக்குல சிஸ்டர், ஒரு செவ்வாக்கெழம. ஆனா அன்னைக்கி கம்பெனியே ஓடலேங்காரு மொதலாளி. ஆபீசரு வந்து பாத்து, பூட்டிக் கெடந்துச்சுன்னு எழுதிட்டுப் போயிருக்காராம். கவர்மென்ட்டு காயிதம் இருக்காம். அப்ப எனக்கு எங்கன வச்சுத் தீப்பிடிச்சுச்சு, நீங்களே சொல்லுங்க."

மடித்து வைத்திருந்த நகலைக் காட்டினாள். உங்கள் ஆபீசில் முத்திரை வைத்து முதலாளிக்குக் கொடுத்தது. 17.7.2001. படித்துச் சொல்லச் சொன்னாள். நான் படிக்கவே வேண்டியிருக்கவில்லை. அந்த "மூ"வின் சுழியை ஒன்பது வருடமாக நம் வீட்டுப் பால் நோட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இழப்பீட்டு விசாரணை பிப்ரவரி 19, மதுரையில். கூட வேலை பார்த்தவர்கள் யாரும் சாட்சிக்கு வரமாட்டார்கள். அவர்களுக்கு அடுத்த சீசன் இருக்கிறது. முதலாளியிடம் இருப்பது உங்கள் மூன்று வரி. நீங்கள் அன்று அங்கே போகவில்லை என்று சொன்னால் போதும்.

ஸ்வெட்டரைப் போடுங்கள். மடித்துத் தலைக்கு வைக்காதீர்கள்.

வினோலியா

*

ஏற்காடு
1.2.2002

அன்புள்ள வினோ,

உன் கடிதம் வந்தது. நீ கேட்காத கேள்விக்கு முதலில் பதில் எழுதுகிறேன்.

மாதத்துக்குப் பன்னிரண்டு முகாம், அதாவது வெளியூர் ஆய்வு, காட்ட வேண்டும். ஜீப் ஒன்று, அதில் பெரிய அதிகாரி போவார். எனக்கு பஸ். ஏழு, எட்டு இடத்துக்கு உண்மையாகவே போகிறேன். மிச்சத்தை மேஜையில் இருந்தபடியே போய் வருகிறேன். எல்லோரும் அப்படித்தான். மேஜையிலிருந்து போகும்போது தொழிற்சாலை திறந்திருந்தால் நான்கு படிகளில் ஆய்வு அறிக்கை எழுத வேண்டும், வேலைக்கு வந்தவர்களின் பதிவேட்டைச் சரிபார்க்க வேண்டும், முதலாளியின் கையெழுத்து வேண்டும். மூடியிருந்தால் ஒரு வரி போதும். எனவே நாங்கள் போகாத இடமெல்லாம் மூடியிருக்கும். இதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. காகிதச் சிக்கனம்.

என் நாட்குறிப்பை மட்டும் நம்பி ஒருவன் வரைபடம் போட்டால், நம் வட்டாரத்தில் பாதி தூங்கிக்கொண்டிருக்கும். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போதுகூட ஒரு லோடு ஏறியிருக்காது. கருவேல மரங்களுக்கு நடுவே இரும்புக் கதவுகள் சாத்திக் கிடக்கும். உள்ளே திரி வெட்டப்படாமல், சரம் பின்னப்படாமல், யாருக்கும் ஒன்றும் ஆகாமல். முந்தாநாள் அதைக் கனவில் பார்த்தேன். ஒவ்வொரு வாசலிலும் நான் நின்றேன். காற்று இல்லை. என் செருப்பில் தூசி இல்லை.

விழித்தபோது அறைக்குள் பனி இருந்தது. பக்கத்துக் கட்டில்காரர் தெரியவில்லை. குறட்டை மட்டும் இருந்தது.

வினோ, நான் அங்கே போகவில்லை என்று சொன்னால் அது பொய்க் கணக்கு. மெமோ வரும். ஏப்ரலில் பதவி உயர்வுப் பட்டியல் வருகிறது; பதினோரு வருடத்தில் முதல் தடவையாக என் பெயர் அதில் ஐந்தாவதாக இருக்கிறது. மூன்று நாள் வகுப்புக்கு வராவிட்டால் பயிற்சிச் செலவு முழுவதையும் சம்பளத்தில் பிடிப்பார்கள். மார்ச் முடியட்டும். விசாரணையைத் தள்ளி வைக்க ஏதாவது வழி இருக்கும். தள்ளி வைப்பதற்கு எப்போதும் வழி இருக்கிறது.

ஸ்வெட்டரைப் போட்டிருக்கிறேன்.

சாலமன்ராஜ்

*

திருத்தங்கல்
5.2.2002

அத்தானுக்கு,

விசாரணை இரண்டு முறை தள்ளிப் போய்விட்டது. அந்தக் கைக்குத் தள்ளி வைக்கிற வசதி இல்லை.

நீங்கள் உங்கள் நோட்டைப் பற்றி எழுதினீர்கள். நான் எங்கள் நோட்டைப் பற்றி எழுதுகிறேன். நேற்று பழைய அனுமதிப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். 17.7.2001, காலை 11.20. பொன்னுத்தங்கம், பெண், தீக்காயம். அடுத்த கட்டத்தில், "வீட்டில் வைத்துத் திரி உருட்டும்போது." கூட்டிக்கொண்டு வந்தவர் பெயர் சோலைமலை. அவர் அந்தக் கம்பெனியின் போர்மேன். அவர் சொன்னதை எழுதியிருக்கிறார்கள். அவள் மயக்கத்தில் இருந்திருக்கிறாள். மயக்கம் தெளிந்ததும் அவளிடம் ஒரு தடவை கேட்டிருக்க வேண்டும். அன்று அந்த வார்டில் டூட்டி என்னுடையது. மாற்றிவிட்டு வந்திருந்தேன். எங்கே வந்திருந்தேன் என்று உங்களுக்குத் தெரியும்.

கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து நாம் போன முதல் ஊர். சாரல் முகத்தில் ஊசி மாதிரி விழுந்தது. நீங்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு துண்டோடு நின்று, ஆபீஸ் பேச்சு பேசாமல் இரண்டு மணி நேரம் இருந்தீர்கள். ஐந்தருவியில் என் கையைப் பிடித்தீர்கள். நடு ரோட்டில். அதற்கப்புறம் எத்தனையோ டூட்டியில் நான் அந்தத் தண்ணீருக்குள் போய் நின்றுவிட்டு வந்திருக்கிறேன். இனி எப்படி நிற்பது. அங்கே பதினொன்று இருபது ஆகிக்கொண்டே இருக்கிறது.

அன்றைக்கு அருவிக்கரை போட்டோக்காரன் எடுத்துக் கொடுத்த படம் என்னிடம் இருக்கிறது. மூலையில் ஆரஞ்சு எழுத்தில் தேதி விழுந்திருக்கிறது. நான் அதைக் கொடுத்தாலே வேலை முடிந்துவிடும். ஆனால் நீங்களாகச் சொல்வது வேறு, என் படத்தைப் பார்த்து நீங்கள் தலையாட்டுவது வேறு.

வினோலியா

*

ஏற்காடு
11.2.2002

அன்புள்ள வினோ,

இன்று மாதிரிப் பக்கத்தின் முறை வந்தது. எழுந்து வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். அந்த முகாமின் சூழ்நிலையை வகுப்புக்கு விளக்குங்கள் என்றார் ராஜசிங் ஐயா.

"நான் அங்கே போகவே இல்லை ஐயா. குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தேன். தொழிற்சாலை திறந்துதான் இருந்தது. ஒரு பெண்ணின் கை வெந்துபோனது" என்றேன்.

பனி நன்றாக இறங்கியிருந்தது. முன்வரிசையில் மூன்று பேர் தூக்கத்திலேயே சிரித்தார்கள். ராஜசிங் ஐயா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ரொம்ப நல்லாருக்கு. இப்படித்தான் ஒரு கற்பனைச் சூழலைக் கொண்டாந்து வச்சு விவாதிக்கணும். சும்மா விதியையே படிச்சா தூக்கம் வராம என்ன செய்யும்?" என்றார். பத்துக்கு ஒன்பது போட்டார். குற்றாலத்துக்கும் புதுப்பட்டிக்கும் உள்ள தூரத்தை நான் குறிப்பிடாததால் ஒன்று குறைந்தது.

வெளியே வந்து ஏரிக்கரையில் நின்றேன். ஏரி தெரியவில்லை. படகு ஓட்டுகிறவர்களின் பேச்சு மட்டும் தண்ணீருக்கு மேலே நடந்து போனது. பதினோரு வருடத்தில் முதல் தடவையாக எழுந்து நின்று உண்மையைச் சொன்னேன் வினோ. அது மதிப்பெண் ஆகிவிட்டது.

இரண்டாவது பிஸ்கட் இன்னும் வரவில்லை.

அந்தப் பெண் வலது கைக்காரியா? படத்தை எனக்கு அனுப்பு. ஒரு முறை பார்க்க வேண்டும்.

சாலமன்ராஜ்

*

திருத்தங்கல்
14.2.2002

அத்தானுக்கு,

வலது கைக்காரிதான்.

நேற்று வந்தாள். விரலுக்குப் பயிற்சி கொடுக்க ரப்பர் பந்து வாங்கித் தருவதாகச் சொன்னேன். சும்மா இருக்கும்போதெல்லாம் அமுக்க வேண்டும். "சும்மாதான சிஸ்டர் இருக்கேன், எம்புட்டு நேரம்னாலும் அமுக்குவேன்" என்றாள். பிறகு கேட்டாள்:

"ஒங்க வீட்டுக்காரரு என்ன வேலை பாக்காக?"

"எழுத்து வேலை."

"நல்ல வேலை. கையில ஒண்ணும் படாது."

நான் கட்டைச் சுற்றி முடித்தேன்.

படத்தை அனுப்ப மாட்டேன். தபாலில் போனால் திரும்பி வராது. வந்தாலும் நீங்கள் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். 19ஆம் தேதி லீவு போட்டிருக்கிறேன். பத்தரைக்கு விசாரணை. படத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு மதுரைக்குப் போகிறேன். நீங்கள் வந்தால் அது பைக்குள்ளேயே இருக்கும்.

வினோலியா

*

ஏற்காடு
22.2.2002

அன்புள்ள வினோ,

இரவு பஸ்ஸில் ஜன்னல் சாத்தவில்லை. சேலம் வரும்வரை சாரல் அடிக்கிற மாதிரியே இருந்தது. இந்த மாதத்தில் ஏது சாரல்.

நீ பையைத் திறக்கவே இல்லை. இரண்டு கையாலும் அதை மடியில் அழுத்திக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். நான் புதுப்பட்டிக்குப் போகவில்லை என்றதும், அப்படியானால் அன்று எங்கே இருந்தீர் என்று முதலாளியின் வக்கீல் கேட்டபோது உன்னைப் பார்க்காமல் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். முடியவில்லை. யாருடன் என்றார். மனைவியுடன் என்றேன். டைப் அடித்தவர் "ஐந்தருவி" என்பதை நிமிர்ந்து பார்க்காமல் அடித்தார். நம்முடைய நாள் இப்போது அரசாங்கத் தாளில், மூன்று படிகளில் இருக்கிறது. அதைக் கெடுத்துவிட்டேனா, பத்திரப்படுத்திவிட்டேனா என்று மலையேறும்வரை யோசித்தேன். இருபதாவது கொண்டை ஊசி வளைவில் தூங்கிவிட்டேன்.

நீ எழுத்து வேலை என்று சொன்ன ஆள் யார் என்று அங்கே உட்கார்ந்துதான் பொன்னுத்தங்கத்துக்குத் தெரிந்திருக்கும். வெளியே வரும்போது, "சாப்பிட்டீகளா சார்?" என்று மட்டும் கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் என்று நினைவில்லை.

மூன்று நாள் வராததற்கு உத்தரவு தயாராக இருந்தது. நாலாயிரத்து அறுநூற்றுப் பதினெட்டு ரூபாய், எட்டுத் தவணை. விவரப் பட்டியல் இணைத்திருக்கிறார்கள். அதில் பிஸ்கட் நாளொன்றுக்கு இரண்டு வீதம் கணக்கிடப்பட்டிருக்கிறது.

சாலமன்ராஜ்

*

சென்னை
15.3.2002

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் மலையிலிருந்து இறங்கின வாரமே என்னை இங்கே ஏற்றிவிட்டார்கள். எங்கள் பக்கமும் மார்ச் முப்பத்தொன்று வந்துகொண்டிருக்கிறது. ஒரு ஹோட்டல் ஹாலில் தீப்புண் பராமரிப்புப் பயிற்சி. ஏ.சி. அப்படிக் குளிருகிறது. படத்தில் காட்டுகிற புண் எல்லாம் சுத்தமாக இருக்கிறது. ஒருத்திக்கும் முகம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற இன்பம் அக்கா கடலூர்க்காரி. தூங்கும்போதுகூட நோட்டில் பேனாவை நகர்த்திக்கொண்டிருக்கிறாள். ஆளுக்கு ஒரு தோல் பை கொடுத்தார்கள்.

கிளம்புகிற அன்று பொன்னுத்தங்கம் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள். முதலாளி சமரசத்துக்கு வந்து பணத்தைக் கட்டிவிட்டாராம். வாங்குவதற்குக் கையெழுத்து வேண்டும் என்று இடது கையால் எழுதிப் பழகியிருக்கிறாள். என் நோட்டில் எழுதிக் காட்டினாள். எழுத்து படுத்துக் கிடக்கிறது, ஆனால் அவள் பெயர்தான். "பூராப் பேரும் எழுதணும்ல சிஸ்டர், பாதியில விட்டா பாதிப் பணம்னுருவாக" என்று சிரித்தாள்.

உங்கள் மெமோவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பட்டியலில் ஐந்தாவது பெயர் வேறு யாருடையதோ என்றும் எழுதியிருந்தீர்கள். படத்தைச் சட்டம் போடக் கொடுத்திருக்கிறேன். தேதி தெரிகிற மாதிரி போடச் சொன்னேன்.

அந்த ரப்பர் பந்தை வாங்கியும் கொடுக்க மறந்துவிட்டேன். சமையலறை அலமாரியில் இருக்கிறது. ஒரு தடவை புதுப்பட்டிக்குப் போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள். பஸ்ஸில்.

வினோலியா

*

திருத்தங்கல்
27.3.2002

அன்புள்ள வினோ,

பெரிய வெள்ளிக்கு நீ வந்துவிடுவாய். கடிதம் உனக்கு முன்னால் வருமா பின்னால் வருமா தெரியவில்லை. ஆண்டு ஊதிய உயர்வை மூன்று வருடத்துக்கு நிறுத்தியிருக்கிறார்கள். 17.7.2001 முகாமுக்கு வாங்கிய பயணப்படியையும் திருப்பிக் கட்டச் சொன்னார்கள். காலையில் கட்டி ரசீது வாங்கினேன்.

பிறகு புதுப்பட்டிக்குப் பஸ் ஏறினேன். முகாம் என்றே எழுதி வைத்துவிட்டுத்தான் போனேன். வழியெல்லாம் மருந்து மூட்டை ஏற்றின வேன்களும், கம்பிமத்தாப்புக் கலர் ஒட்டின கைகளும். கண்டக்டர் இரண்டு முறை எழுப்பி ஊர் கேட்டார். இறங்கி, கருவேல மரங்களுக்கு நடுவே கால் மைல் நடந்தேன். வெயில் தரையிலிருந்து எழும்பி எல்லாவற்றையும் லேசாக ஆட்டிக்கொண்டிருந்தது. நான் கனவில் நின்ற வாசல் மாதிரியே இருந்தது. கீழே பார்த்தேன். செருப்பு முழுக்கத் தூசி.

வாசலில் போர்மேன் சோலைமலை ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். இப்போது வாட்ச்மேன். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்க சார். ஒருவழியா வழி தெரிஞ்சு வந்துட்டீகளா?"

ஸ்டூலை எனக்குத் தள்ளினார். பதிவேட்டில் ஆள் காட்டாமல் கம்பெனி ஓட்டியதற்காக உரிமத்தை நிறுத்திப் பதினாறு நாள் ஆகிறதாம். அங்கே வேலை பார்த்த நாற்பத்தாறு பேரும் விடிவதற்கு முன் வேனில் ஏழாயிரம்பண்ணைக்கு வேலைக்குப் போகிறார்கள், திரும்ப இரவு எட்டாகிறது என்றார். பொன்னுத்தங்கத்தின் தங்கச்சியும் அதே வேனில்தான். பொன்னுத்தங்கம் வீட்டில் இருந்தாள். பந்தைக் கொடுத்தேன். வாங்கி, வலது கைக்குள் வைத்து அமுக்கிக் காட்டினாள். மூன்று விரல் கொஞ்சம் விரிந்து மடங்குகிறது. தெருவில் வேறு யாரும் இல்லை.

திரும்பி வந்து நாட்குறிப்பை எழுதிவிட்டேன்.

"27.3.2002. எம். புதுப்பட்டி சென்றேன். தொழிற்சாலை மூடியிருந்தது. திரும்பினேன்."

சாலமன்ராஜ்